பீவர் தோலும் மலைக் கணவாயும்

வட அமெரிக்கக் கண்டத்தை வடக்கு தெற்காக ஊடறுத்து நிற்கும் ராக்கி மலைத்தொடரில், இன்றைய வயோமிங் ராஜ்யத்தின் தென்மேற்குப் பகுதியிலே, கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 7,400 அடி உயரத்தில், தெற்குக் கணவாய் என்று பெயர் பெற்ற ஓரிடம் இருக்கிறது. கணவாய் என்றவுடன் இருமருங்கும் செங்குத்தான பாறைச் சுவர்கள் நெருக்கி நிற்க, நடுவே ஒற்றையடியாக வளைந்து செல்லும் வழியொன்றை நம் மனம் கற்பித்துக்கொள்வது இயல்பு. இங்கோ அவ்விதக் காட்சி எதுவும் இல்லை. குட்டைப் புதர்கள் மண்டிய, காற்று ஓயாது வீசுகின்ற, மைல் கணக்கில் அகன்று கிடக்கும் மேட்டுவெளி அது. அதன் மீது ஏறிச் சென்ற வண்டிக்காரர்களில் பலர், ஏற்றம் எவ்விடத்தில் முடிந்து இறக்கம் எவ்விடத்தில் தொடங்கிற்று என்பதை அறியாமலே கடந்து, அப்பாலுள்ள சிற்றோடையின் நீர் மேற்கு நோக்கி ஓடுவதைக் கண்ட பின்னரே, கீழ்க்கடலுக்கும் மேல்கடலுக்கும் நீரைப் பங்கிட்டுக் கொடுக்கும் மேட்டைத் தாண்டிவிட்டோம் என்று தெளிந்தனர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் லட்சக்கணக்கான குடியேற்றக்காரர்கள், குடும்பத்தோடும் தட்டுமுட்டுச் சாமான்களோடும் மாட்டு வண்டிகளில் ஆரெகனுக்கும் கலிபோர்னியாவுக்கும் யூட்டாவுக்கும் போனது இவ்வழியாகத்தான். அமெரிக்க ஐக்கிய நாடு ஒரு சமுத்திரத்திலிருந்து மறு சமுத்திரம் வரை பரவுவதற்கு இந்த மேட்டுவெளி அளித்த உதவியை அந்நாட்டுச் சரித்திராசிரியர்கள் விஸ்தாரமாகப் பேசுகிறார்கள். ஆனால் வெள்ளையர் இப்பாதையை அறிந்துகொண்ட விருத்தாந்தம் ராஜதந்திரிகளுடையதும் அன்று, பூகோள பண்டிதர்களுடையதும் அன்று. லண்டனிலும் பாரிஸிலும் கனவான்கள் தலையில் தரித்த தொப்பியினுடையது. தொப்பிக்காகத் தோலைத் தேடிப் போனவர்கள் பாதையைக் கண்டார்கள். கண்ட பாதையே பின்னர் அவர்கள் பிழைப்பை விழுங்கிற்று.

பீவர் என்பது நீரிலும் நிலத்திலும் வாழ்கின்ற, கொறிக்கும் இனத்தைச் சேர்ந்த பிராணி. நாற்பது ஐம்பது ராத்தல் எடையும், செதிள் படர்ந்த தட்டை வாலும், நின்ற மரத்தையே அறுத்துச் சாய்க்க வல்ல முன்பற்களும் உடைய அது, மலையோடைகளின் குறுக்கே கிளைகளையும் சேற்றையும் கொண்டு அணை கட்டி, தேங்கிய நீரின் நடுவே வீடமைத்துக் குடும்பமாக வாழ்வது. அதன் மேல்மயிர் முரடானது. அடியில் மறைந்திருக்கும் மென்மயிரோ கண்ணுக்குப் புலப்படாத நுண்ணிய கொளுவிகள் உடையதாகையால், ஈரமும் சூடும் ஊட்டிப் பிசைந்து அழுத்தும்போது இழையோடு இழை பின்னி, தறியில் ஏறாமலே துணியாக இறுகிவிடும். ஃபெல்ட் என்னும் அத்துணியால் செய்த தொப்பி மழையில் தொய்வதில்லை, வருஷக்கணக்கில் உருக்குலைவதும் இல்லை. ஆதலின் பதினேழாம் நூற்றாண்டு முதல் மேல்நாட்டில் அந்தஸ்துள்ளவர் என்று சொல்லிக்கொள்ள விரும்பிய எவருக்கும் பீவர் தொப்பி இன்றியமையாத அணியாயிற்று. மயிரைப் பதப்படுத்துவதற்குப் பாதரச உப்பைக் கையாண்ட தொப்பித் தொழிலாளர் பலர், கைகால் நடுக்கமும் சித்தப் பிரமையும் கொண்டு நலிந்தது இத்தொழிலின் இருண்ட அத்தியாயம். கனவான்களின் சரித்திரத்தில் அதற்கு அதிக இடம் கிடைக்கவில்லை.

ஐரோப்பாவின் சொந்த பீவர்கள் இந்த மோகத்துக்கு இரையாகி ஏறக்குறைய அழிந்துபோன காலத்தில்தான், கடலுக்கு அப்பாலுள்ள புதுக்கண்டத்தில் அப்பிராணி எண்ணிறந்து கிடக்கிறது என்ற செய்தி வியாபாரிகளுக்கு எட்டியது. கனடாவின் ஆதிகுடிகள் பீவர் தோலைக் குளிர்காலப் போர்வையாகத் தைத்து, மயிர்ப்புறம் உடம்பில் படும்படி அணிந்து வந்தார்கள். ஓரிரு வருஷம் உடுத்த போர்வையில் முரட்டு மயிர் உதிர்ந்து, உடலின் எண்ணெய்ப் பசை ஏறி மென்மயிர் மட்டும் எஞ்சியிருக்குமாகையால், புதுத்தோலைவிட அந்தப் பழந்தோலுக்கே ஃபெல்ட் செய்வோரிடம் ஆரம்பத்தில் அதிக மதிப்பு. உடுத்துக் கழித்த துணிக்கு இரும்புக் கத்தியும் செப்புக் கெண்டியும் கொடுக்கிறானே இந்த வெள்ளையன் என்று அவர்கள் வியந்திருந்தால் அது நியாயமே. 1670-ல் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்ல்ஸ் ஹட்ஸன் விரிகுடாக் கம்பெனிக்குப் பட்டயம் வழங்கினார். பின்னர் மான்ட்ரியல் நகர வியாபாரிகள் வடமேற்குக் கம்பெனியை நிறுவி அதனோடு கொலைக்கும் கொள்ளைக்கும் அஞ்சாத போட்டி நடத்தி, 1821-ல் அதிலேயே ஐக்கியமானார்கள். இந்த வடதிசைக் கதை தனியே ஒரு புராணம். நாம் தெற்கே போக வேண்டும்.

1803-ல் நெப்போலியனிடமிருந்து ஒன்றரைக் கோடி டாலருக்கு லூயிஸியானா என்ற பெயரில் மிஸிஸிப்பி நதிக்கு மேற்கே எல்லை தெளியாத ஒரு மகா பிரதேசத்தை அமெரிக்கா வாங்கியதும், வாங்கிய சொத்தைப் பார்வையிடுமாறு ஜனாதிபதி ஜெஃபர்ஸன் அனுப்பிய லூயிஸ், கிளார்க் என்ற இரு ராணுவ அதிகாரிகளும் மிஸௌரி நதியின் வழியே ஏறி, மலைகளைத் தாண்டி, 1805-ஆம் ஆண்டின் இறுதியில் பஸிபிக் கடலைக் கண்டு, மறு ஆண்டு திரும்பி வந்ததும் பாடப்புத்தகங்கள் கூறும் கதை. அக்கதையில் சாதாரணமாகச் சொல்லாமல் விடுவது, அவர்கள் மலையைக் கடந்த வழி வியாபாரத்துக்கும் குடியேற்றத்துக்கும் உதவாத வழி என்பது. லெம்ஹி கணவாயின் செங்குத்தான ஏற்றத்திலும் அதற்கப்பாலுள்ள அடர்ந்த காட்டு மலைகளிலும் குதிரைகளே இடறின. வண்டிச் சக்கரம் உருளுவது எங்ஙனம்? ஆயினும் மிஸௌரியின் உபநதிகளில் பீவர் நிறைந்திருப்பதைப் போல் உலகில் வேறெங்கும் இல்லை என்ற பொருள்பட லூயிஸ் எழுதியனுப்பிய செய்தி ஸெயின்ட் லூயிஸ் நகரத்து வியாபாரிகளின் நித்திரையைக் கெடுத்தது. மானுவேல் லீஸா என்ற ஸ்பானிய வம்சத்து வர்த்தகர் 1807-லேயே படகுகளில் சரக்கேற்றிப் புறப்பட்டு, பிக்ஹார்ன் ஆற்று முகத்தில் கோட்டை ஒன்று கட்டினார். லூயிஸ், கிளார்க் கோஷ்டியிலிருந்து வழியிலேயே விடைபெற்ற ஜான் கோல்ட்டர் என்பவர் அக்கோட்டையிலிருந்து கிளம்பிக் குளிர்காலத்தில் தனியே அலைந்து கொதிநீர் ஊற்றுகளைக் கண்டதும், பிளாக்ஃபீட் மக்களிடம் அகப்பட்டு, ஆடையின்றி ஓடி உயிர் தப்பியதும், பின்னாளில் ஹ்யூ கிளாஸ் என்பவர் கரடியால் குதறப்பட்டுக் கைவிடப்பட்ட நிலையிலிருந்து தவழ்ந்தே மீண்டதும், அமெரிக்கச் சிறுவர்களுக்குத் தலைகீழ்ப் பாடமான வீரக் கதைகள். அவற்றை நான் விரிக்கப் போவதில்லை. இத்தொழிலின் உண்மையான நாடகம் கரடியின் குகையைவிட வியாபாரியின் கணக்குப் புஸ்தகத்திலேதான் நடந்தது என்பது என் அபிப்பிராயம்.

அந்தக் கணக்கைப் பெரிய அளவில் எழுத முயன்றவர் ஜான் ஜேகப் ஆஸ்டர். ஜெர்மனியில் வால்டார்ஃப் கிராமத்தில் கசாப்புக்காரரின் மகனாகப் பிறந்து, நியூயார்க்கில் தோல் வியாபாரத்தால் தனவந்தரான இவர், கொலம்பியா நதி கடலில் கலக்குமிடத்தில் கோட்டை அமைத்து, மலைநாட்டுத் தோல்களை அங்கிருந்து கப்பலேற்றிச் சீனத்துக் கான்ட்டன் துறைமுகத்தில் விற்று, அந்தப் பணத்தில் தேயிலையும் பட்டும் வாங்கி நியூயார்க்குக்குக் கொண்டுவரத் திட்டமிட்டார். 1811-ல் அஸ்டோரியா என்ற அக்கோட்டை எழும்பியது. அதே ஆண்டில் அவருடைய கப்பல் டான்குவின் வடக்கே வான்கூவர் தீவருகில் உள்ளூர் மக்களோடு ஏற்பட்ட சண்டையில் வெடித்து அழிந்தது; மறு ஆண்டு இங்கிலாந்தோடு போர் மூண்டது; 1813-ல் கோட்டை போட்டிக் கம்பெனியாருக்கு விலையாயிற்று. இந்த நஷ்டங்களுக்கிடையே, செய்தியைக் கிழக்கே கொண்டுபோகும் பொருட்டு 1812-ல் ஆறு துணைவரோடு புறப்பட்ட ராபர்ட் ஸ்டூவர்ட் என்பவர், தெற்கே சுலபமான தடம் ஒன்று உண்டு என்று ஷொஷோனி குலத்தார் ஒருவர் கூறியதை மனத்தில் வாங்கிக்கொண்டு, குதிரைகளைப் பறிகொடுத்து, பட்டினியால் வாடி, அக்டோபர் மாதக் குளிரில் ஒரு மேட்டுவெளியைக் கால்நடையாகவே கடந்தார். அதுதான் தெற்குக் கணவாய். அவர் மறு ஆண்டு ஏப்ரலில் ஸெயின்ட் லூயிஸை அடைந்தார். பத்திரிகையில் செய்தியும் வந்தது. எனினும் போர்க்காலப் பரபரப்பில் அதைக் கவனித்தவர் சிலரே. குறிப்பேடு ஆஸ்டரிடம் சென்றது; பாதை மறதியில் ஆழ்ந்தது. வெள்ளையரின் மறதி என்று சொல்ல வேண்டும். ஷொஷோனிகளும் குரோக்களும் தத்தம் வேட்டைக்கும் போருக்கும் அவ்வழியே போய் வந்துகொண்டுதான் இருந்தார்கள்.

1822-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் ஸெயின்ட் லூயிஸ் பத்திரிகையில் ஒரு விளம்பரம் வெளியாயிற்று. மிஸௌரி நதியின் தோற்றுவாய் வரை சென்று ஒன்று முதல் மூன்று ஆண்டுகள் வேலை செய்வதற்கு நூறு இளைஞர்கள் தேவை என்று அறிவித்தவர், வில்லியம் ஆஷ்லி என்னும் மிஸௌரி ராஜ்யத்தின் உப கவர்னர். அழைப்பை ஏற்றுத் திரண்டவர்களும் அதனையடுத்து வந்து சேர்ந்தவர்களுமாகிய கூட்டத்தில்தான், பின்னாளில் அந்த மலைநாட்டின் சரித்திரத்தையே தம் பெயர்களால் நிரப்பிய ஜெடிடயா ஸ்மித், ஜிம் பிரிட்ஜர், தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக், வில்லியம் ஸப்லெட் ஆகியோர் இருந்தனர். அடிமைத் தாயின் வயிற்றில் பிறந்து, பிற்காலத்தில் குரோக்களிடையே வாழ்ந்த ஜிம் பெக்வர்த்தும் அவர்களுள் ஒருவர். ஆஷ்லியின் ஆரம்ப உத்தேசம் நதிமார்க்கமே. ஆனால் ஆற்றங்கரையில் ஊர் அமைத்து, மேலும் கீழும் போகும் சரக்கைத் தம் கையால் மாற்றிவிட்டுப் பயன்பெற்று வந்த அரிக்கரா மக்கள், தம்மைத் தாண்டி நேராக மலைக்குப் போகும் இந்தப் புது வியாபாரியால் தமக்கு என்ன நேரும் என்பதை நன்கு உணர்ந்திருந்தனர். 1823 ஜூன் மாதம் அவர்கள் தாக்கியதில் ஆஷ்லியின் ஆட்களில் ஒரு டஜனுக்கு மேற்பட்டவர் மாண்டனர், நதி அடைபட்டது. வேறு வழியின்றி அவர் தம் ஆட்களைக் குதிரைகளோடு தரைமார்க்கமாக மேற்கே அனுப்பினார். நதி திறந்தே இருந்திருந்தால் அவர்கள் அந்தக் கணவாய்ப் பக்கம் திரும்பியிருப்பார்களா என்பது சந்தேகமே.

அக்குழுவின் தலைவர் ஜெடிடயா ஸ்மித்துக்கு அப்போது வயது 24. மதுவும் புகையிலையும் தீண்டாதவர். விவிலியத்தைப் பயபக்தியோடு ஓதுபவர். வழியில் கரடி ஒன்று அவர் தலையைக் கவ்வி, ஒரு செவியைத் தோலோடு பிய்த்துத் தொங்கவிட்டது. ஜேம்ஸ் கிளைமன் என்ற துணைவர் ஊசி நூல் கொண்டு அதைத் தைத்துச் சேர்த்தார். பத்து நாள் அளவில் பிரயாணம் மீண்டும் தொடர்ந்தது. அந்தக் குளிர்காலத்தை அவர்கள் விண்ட் ஆற்றுப் பள்ளத்தாக்கில் குரோ மக்களின் விருந்தினராகக் கழித்தார்கள். நேர் மேற்கே மலையைத் தாண்ட முயன்றபோது பனி தடுத்துவிட்டது. அப்போது கிளைமன் செய்த காரியம் ஒன்றை அவரே எழுதி வைத்திருக்கிறார். எருமைத் தோல் ஒன்றை விரித்து, அதன் மீது மணலைப் பரப்பி, மலைகளுக்குப் பதிலாக மணற்குவியல்கள் அமைத்து, கைச்சைகைகளால் வழி கேட்டாராம். தெற்கே சுற்றிப் போனால் பனி தடுக்காத பாதை ஒன்று உண்டென்றும், அப்பாலுள்ள ஆற்றில் பீவர் மிகுதியென்றும் குரோக்கள் உணர்த்தினார்கள். 1824 மார்ச் மாதம், மூட்டிய தீயைக் காற்று அடித்துக்கொண்டு போகும் அந்த மேட்டுவெளியை அக்குழு கடந்து கிரீன் ஆற்றை அடைந்தது. தெற்குக் கணவாயைக் கண்டுபிடித்தவர் ஸ்மித் என்று கல்வெட்டுகள் கூறும். கண்டுபிடிப்பில் மணலையும் தோலையும் கொடுத்தவர் ஒருவர், வழியைக் கொடுத்தவர் மற்றொருவர், பெயரைப் பெற்றவர் மூன்றாமவர் என்பதே விஷயம் அறிந்தவர் கூறக்கூடியது.

கிரீன் ஆற்றில் பீவர் கிடைத்தது உண்மை. அதை விற்குமிடத்துக்கும் அதற்கும் நடுவே ஆயிரம் மைல் இருந்தது. கோட்டை கட்டி, அங்கே ஆதிகுடிகள் கொண்டுவரும் தோலுக்குக் காத்திருப்பது பழைய முறை. ஆஷ்லி வேறொரு முறையை வகுத்தார்: தம் ஆட்கள் வருஷம் முழுவதும் மலையிலேயே தங்கித் தாமே பொறி வைக்க வேண்டியது, கோடையில் ஒருமுறை, முன்கூட்டிக் குறித்த பள்ளத்தாக்கில் எல்லாரும் கூட வேண்டியது, கீழ்நாட்டிலிருந்து கோவேறு கழுதைகளில் வரும் சரக்கைக் கொடுத்துத் தோலை வாங்கிச் செல்ல வேண்டியது. ராண்டெவூ என்று பிரெஞ்சுப் பெயரால் வழங்கிய இந்த மலைச்சந்தை 1825 ஜூலையில் முதன்முதலாகக் கூடியபோது சுமார் 120 பேர் வந்திருந்தனர். வெடிமருந்து, ஈயம், காப்பி, சர்க்கரை, புகையிலை, கத்தி முதலியவை கைமாறின. சாராயம் மாத்திரம் இல்லை. ஏறக்குறைய 9,000 ராத்தல் பீவர் தோலுடன் ஆஷ்லி திரும்பினார். மறு ஆண்டே, பட்ட கடன்களைத் தீர்த்து, மலைத்தொழிலை ஸ்மித், ஜாக்ஸன், ஸப்லெட் என்ற மூவருக்கு விற்றுவிட்டு, சரக்கு அனுப்பும் வேலையை மட்டும் தம்மிடம் வைத்துக்கொண்டார். லாபம் எங்கே இருக்கிறது என்பதை அவர் ஒரே வருஷத்தில் கண்டுகொண்டார் போலும்!

பொறி வைக்கும் வித்தையையும் சற்றுச் சொல்ல வேண்டும். தோல் தடித்து மயிர் செறியும் பருவம் பனியை ஒட்டியதாகையால், ஆறு உறைவதற்கு முந்திய இலையுதிர் காலமும், உறைந்தது இளகிய வசந்த காலத் தொடக்கமுமே வேட்டைக்கு உரியவை. பொறிக்காரர் ஐந்து ராத்தல் எடையுள்ள எஃகுப் பொறியை எடுத்துக்கொண்டு, மனித வாடை கரையில் படாதபடி பனிநீரிலேயே முழங்காலளவு நடந்து சென்று, பீவர் ஏறி இறங்கும் துறையில் நான்கைந்து அங்குல ஆழத்தில் அதைப் பதித்து, சங்கிலியை நீளமான காய்ந்த கழியில் கோத்து ஆழமான பக்கத்தில் அறைந்து வைப்பார். பீவரின் அடிவயிற்றுச் சுரப்பியிலிருந்து எடுத்த வாசனைத் திரவியத்தில் ஒரு குச்சியைத் தோய்த்துப் பொறிக்கு மேலே நட்டுவிடுவார். தன் எல்லைக்குள் அந்நியன் எவனோ வந்துவிட்டான் என்று முகர்ந்து பார்க்க எழும்பும் பிராணியின் கால் பொறியில் அகப்படும். அச்சத்தில் அது ஆழத்துக்குப் பாயும். சங்கிலி மேலே வரவிடாமல் தடுக்க, மூழ்கி இறக்கும். ஆழமில்லாத இடத்தில் வைத்தால் தன் காலைத் தானே கடித்துத் துண்டித்துக்கொண்டு தப்பிவிடும். இவ்வாறு ஆண்டுக்கணக்கில் பனிநீரில் நின்றவர்களுக்கு நாற்பது வயதுக்குள் மூட்டுவாதம் வருவது சகஜம்.

பிடித்த தோலைச் சுரண்டி, வில்லோ மரக்கிளையை வளைத்த வட்டத்தில் இழுத்துக் கட்டி உலர்த்தி, மடித்து, நூறு ராத்தல் கொண்ட சிப்பமாக இறுக்குவது அதைவிட நீண்ட வேலை. அதைச் செய்தவர்கள் பெரும்பாலும் ஷொஷோனி, குரோ, நெஸ் பெர்ஸ் முதலிய குலங்களிலிருந்து பொறிக்காரர்கள் மணந்துகொண்ட பெண்கள். தோல் பதனிடுவதும், மான்தோலாடையும் பாதரட்சையும் தைப்பதும், கூடாரம் அடிப்பதும், கிழங்கும் கனியும் திரட்டி உணவு சேமிப்பதும், எல்லாவற்றுக்கும் மேலாகத் தம் சுற்றத்தாரின் நாட்டில் கணவன் உயிரோடு நடமாடுவதற்கு உறவுமுறை என்னும் பாதுகாப்பைத் தருவதும் அவர்கள். கம்பெனிகளின் பேரேடுகளில் அவர்கள் பெயரில் வரவு எதுவும் இல்லை. கணவனின் பற்றில் மணியும் துணியுமாக மட்டும் தென்படுகிறார்கள்.

பற்று என்பதுதான் மலைச்சந்தையின் மறைபொருள். மலையில் ராத்தல் மூன்று டாலருக்கு எடுத்த தோல் ஸெயின்ட் லூயிஸில் ஐந்து டாலர் அளவுக்குப் போயிற்று. அங்கே வாங்கிய சரக்கோ மலையில் பன்மடங்கு விலை பெற்றது. இரண்டாம் சந்தை முதல் விஸ்கியும் தாராளமாக வந்தது. தண்ணீரும் தாராளமாகவே அதில் கலந்தது. குதிரைப் பந்தயம், சூதாட்டம், மல்யுத்தம், மனைவிமார்க்கு நகை என்று சில நாட்களில் ஒரு வருஷச் சம்பாத்தியம் கரைந்ததும், அடுத்த ஆண்டுக்கு வேண்டிய பொறிக்கும் மருந்துக்கும் கடன் எழுதிக் கொடுத்துவிட்டு மலைக்குள் மறைவதைத் தவிர வேறு கதி இல்லை. இவர்களைக் கட்டுக்கடங்காத சுதந்திர புருஷர்களாக வருணிக்கும் அமெரிக்க நூல்கள் ஏராளம். யாருக்கும் தலைவணங்காதவர்கள்தாம்; ஆனால் அவர்களில் அநேகர் ஒரு மளிகைக் கணக்கிலிருந்து தம் வாழ்நாளில் விடுபட்டதில்லை. 1848-ல் ஆஸ்டர் இறந்தபோது அவர் சொத்து சுமார் இரண்டு கோடி டாலர். அமெரிக்காவிலேயே முதல் செல்வந்தர் அவர்.

கடனுக்கு அஞ்சிய பொறிக்காரர் புதுப்புது ஓடைகளைத் தேட வேண்டியிருந்தது. அந்த நிர்ப்பந்தமே தேசப்படத்தை நிரப்பியது. ஸ்மித் 1826-ல் பாலைவனத்தின் குறுக்கே தென்மேற்காகச் சென்று கலிபோர்னியாவின் ஸான் கேப்ரியல் மடத்தை அடைந்தார். மறு ஆண்டு இரு துணைவரோடு ஸியரா நெவாடா மலையையும், அதன் கிழக்கிலுள்ள வறண்ட வடிநிலத்தையும் கடந்து திரும்பினார். இரண்டாம் முறை போனபோது கொலராடோ ஆற்றங்கரையில் மொஹாவே மக்கள் அவருடைய ஆட்களில் பத்துப் பேரைக் கொன்றனர். 1828-ல் ஆரெகனில் உம்ப்குவா ஆற்றருகே அவரோடு சேர்த்து நால்வர் தவிர ஏனையோர் அழிந்தனர். அவரை வரவேற்று ஆதரித்து, பறிபோன தோல்களை மீட்டு விலைக்கும் வாங்கிக்கொண்டவர், போட்டியாளராகிய ஹட்ஸன் விரிகுடாக் கம்பெனியின் வான்கூவர் கோட்டைத் தலைவர் ஜான் மெக்லாக்லின். அதே கம்பெனியின் கவர்னர் ஜார்ஜ் ஸிம்ப்ஸனோ, அமெரிக்கர் கொலம்பியாவை நெருங்காதிருக்கும் பொருட்டு, ஸ்னேக் ஆற்றுப் பிரதேசத்தில் ஒரு பீவர்கூட மிச்சமில்லாதபடி பொறி வைத்து அதைத் தோல் பாலைவனமாக்கிவிட வேண்டும் என்று கட்டளையிட்டவர். வடக்கே தன் சொந்த நாட்டில் பிராணியைப் பேணி வளர்க்க முற்பட்ட ஸ்தாபனம், எல்லைப் பிரதேசத்தில் அதை வேரோடு அழிக்க முனைந்தது. ராஜ்யங்களின் தர்க்கம் அது.

1830-ல் ஒரு முக்கிய சம்பவம் நிகழ்ந்தது. ஸப்லெட் அவ்வாண்டுச் சந்தைக்குக் கழுதை முதுகில் அன்றி, பத்துப் பெரிய வண்டிகளிலும் இரண்டு சிறு வண்டிகளிலும் சரக்கை ஏற்றிக்கொண்டு விண்ட் ஆறு வரை சென்றார். உடன் ஓட்டிச் சென்ற மாடுகளில் ஒரு கறவைப் பசுவும் உண்டு. அது மலை வரை நடந்து, பத்திரமாக மிஸௌரிக்குத் திரும்பியும் வந்தது. அந்த இலையுதிர் காலத்தில் ஸ்மித்தும் அவருடைய கூட்டாளிகளும் யுத்த மந்திரிக்கு ஒரு கடிதம் எழுதி, அவசியமானால் அவ்வண்டிகள் தெற்குக் கணவாயையும் சுலபமாகத் தாண்டியிருக்கும் என்று தெரிவித்தார்கள். காங்கிரஸ் சபை அதை அச்சிட்டது. வழியில் கிடைக்கும் புல்லையும் நீரையும் பசுவின் க்ஷேமத்தையும் பற்றித் தோல் வியாபாரிகள் சாதாரணமாக எழுதிய அந்த வரிகள், நிலமில்லாத குடியானவரின் கையில் அழைப்போலையாக மாறும் என்பதை அவர்கள் எண்ணியிருப்பார்களோ, அறியேன். ஸ்மித் அதன் பலனைக் காணவில்லை. 1831-ல் ஸான்ட்டா ஃபே பாதையில் தண்ணீர் தேடித் தனியே போன இடத்தில் கொமான்ச்சிகளால் கொல்லப்பட்டார். 1832-ல் பானவில் என்ற ராணுவ அதிகாரி வண்டிகளைக் கணவாய்க்கு அப்பாலும் ஓட்டினார். 1836-ல் தோல் வியாபாரக் கூட்டத்தின் துணையோடு மிஷனரிகளின் மனைவியரான நார்ஸிஸா விட்மன், எலைஸா ஸ்பால்டிங் என்ற இருவர் அதைக் கடந்தனர். பெண்கள் போகலாம் என்றால் குடும்பங்கள் போகலாம்.

இதற்குள் தொழில் உயிரிழந்துகொண்டிருந்தது. 1832-ல் ஐரோப்பாவில் இருந்த ஆஸ்டர், அங்கே பட்டுத்துணித் தொப்பி பரவுவதைக் கவனித்தார். 1834-ல் தம் கம்பெனிப் பங்கை விற்று ஒதுங்கினார். ஆண்டுக்கு ஒருமுறை மூன்று நான்கு குட்டிகளே ஈனும் பிராணியை, அதன் குடும்பத்தோடு ஓடைக்கு ஓடை துடைத்தெடுத்ததன் விளைவும் அப்போதே தெரிந்தது. சிப்பங்கள் சிறுத்தன. நாகரிகம் மாறியதால் பீவர் பிழைத்ததென்று சிலர் கூறுவர். மலைநாட்டின் பல ஓடைகளில் அந்த மாற்றம் வருவதற்கு முன்பே பிழைப்பதற்கு ஒன்றும் எஞ்சியிருக்கவில்லை.

மிஸௌரி நதியிலோ வியாபாரம் நீராவிக் கப்பலேறி வளர்ந்தது. பீவருக்குப் பதில் எருமைத் தோல் சரக்காயிற்று. 1837-ஆம் ஆண்டுக் கோடையில் அமெரிக்கத் தோல் கம்பெனியின் ஸெயின்ட் பீட்டர்ஸ் என்ற கப்பல், வருஷாந்தரச் சரக்கோடு பெரியம்மையையும் ஏற்றிக்கொண்டு சென்றது. கப்பலில் நோய் கண்ட பிறகும் அது திரும்பவில்லை. ஒவ்வொரு கோட்டைத் துறையிலும் நின்று சரக்கிறக்கிற்று. மிஸௌரிக் கரையில் மண்வீடுகள் கட்டிச் சோளம் பயிரிட்டு, லூயிஸ், கிளார்க் கோஷ்டிக்கு ஒரு குளிர்காலம் முழுவதும் உணவளித்துக் காத்த மாண்டன் மக்கள் சுமார் 1,600 பேர் என்பது பொதுவான கணக்கு. அந்த ஆண்டின் முடிவில் எஞ்சியவர் நூற்றுச் சொச்சம். பிளாக்ஃபீட், அரிக்கரா, அஸ்ஸினிபாயின் மக்களிலும் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். கரடியோடு போராடியவர்களைப் பற்றிய நூல்களை அடுக்கினால் ஒரு சுவர் எழும்பும். இந்தக் கோடையைப் பற்றி எழுதியவர் குறைவு.

கடைசிச் சந்தை 1840-ல் கிரீன் ஆற்றங்கரையில் கூடியது. டி ஸ்மெட் என்ற பெல்ஜிய தேசத்து ஏசுசபைத் துறவி அங்கே பூசை நடத்தினார். சந்தை கலைந்ததும், ராபர்ட் நியூவெல், ஜோ மீக் என்ற இரு பொறிக்காரர்கள், இனி இப்பிழைப்பு ஆகாதென்று நிச்சயித்து, மனைவி மக்களுடன் ஆரெகன் நோக்கிப் புறப்பட்டு, வண்டி போகாதென்று கருதப்பட்ட மலைவழியில் வண்டியோட்டிச் சென்றார்கள். ஃபிட்ஸ்பாட்ரிக் 1841-ல் கலிபோர்னியா நோக்கிய முதல் குடியேற்றக் கூட்டத்துக்கு மலை வரை வழிகாட்டினார். 1843-ல் ஏறத்தாழ ஆயிரம் பேர் ஒரே பருவத்தில் ஆரெகனுக்கு நடந்தனர். பத்து ஆண்டுகளுக்கு முன் பீவர் தடம் பார்த்தவர்கள் இப்போது வண்டித்தடம் காட்டிக் கூலி பெற்றார்கள். பிளாட் ஆற்றங்கரையில் புல் தேய்ந்தது. எருமை மந்தைகள் பாதையை விட்டு விலகின. அவற்றை நம்பிய குலங்களுக்கும் குடியேறிகளுக்கும் மோதல் முற்றியது. 1849-ல் லாரமி என்ற தோல் வியாபாரக் கோட்டையை ராணுவம் விலைக்கு வாங்கிற்று. 1851-ல் அங்கே சமவெளிக் குலங்களோடு நடந்த பெரிய உடன்படிக்கைக்குச் சர்க்கார் தரப்பில் முன்னின்று உழைத்தவர் அதே ஃபிட்ஸ்பாட்ரிக். ஒப்பந்தம் எத்தனை நாள் நிற்கும் என்பதைக் காணாமலே 1854-ல் வாஷிங்டனில் நிமோனியாவால் இறந்தார்.

ஜிம் பிரிட்ஜரோ நெடுநாள் வாழ்ந்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர். ஒருவருக்குக் கூலி கொடுத்து ஷேக்ஸ்பியரைப் படிக்கச் சொல்லிக் கேட்டார் என்ற செய்தி உண்டு. ஆதிகுடிப் பெண்கள் மூவரை ஒருவர் பின் ஒருவராக மணந்து, ஒரு தலைமுறைக் காலம் மலையிலே கழித்த அவர், தொழிலின் போக்கை உணர்ந்து, 1843-ல் குடியேற்றப் பாதையில் கடையும் கொல்லன் உலையுமாக ஒரு கோட்டை கட்டினார். 1850-ல் ராணுவப் பொறியாளர் ஸ்டான்ஸ்பரிக்கு, தெற்குக் கணவாய்க்குத் தெற்கே அதைவிடக் குறுகிய வழி ஒன்றைக் காட்டிக் கொடுத்ததும் அவரே. 1869-ல் முடிந்த ரயில் பாதையும் வயோமிங்கின் தென்பகுதியிலேயே சென்றமையால், தெற்குக் கணவாய் வழியே வண்டிகள் போவது குறைந்துகொண்டே வந்தது. அவருடைய கோட்டையை 1853-ல் மார்மன் மதத்தினர் பறித்துக்கொண்டார்கள். 1857-ல் அவ்விடத்தை ராணுவம் எடுத்துக்கொண்டு, உரிமை நிரூபணமானால் வாடகை தருவதாகப் பேசிற்று. கோட்டை கட்டிய நாளில் அந்த நிலம் மெக்ஸிகோவுக்கு உட்பட்டதென்றும், மெக்ஸிகோ அரசு தமக்கு மானியம் வழங்கியதென்றும் பிரிட்ஜர் கூறினார். பட்டா எங்கே என்று வாஷிங்டன் கேட்டது. அவர் கண் பார்வையும் இழந்து மிஸௌரியில் ஒரு பண்ணையில் 1881-ல் காலமாகும் வரையில் அந்த வழக்கு முடியவில்லை. அதன் பின்னும் பல ஆண்டுகள் கழித்து, நிலத்துக்கு ஒன்றுமில்லை, கட்டடங்களுக்கு மட்டும் என்று ஒரு தொகையை அவருடைய வாரிசுகளுக்கு அனுப்பி வைத்தார்கள்.